எளியோர் வாயிலுக்கும் காவல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா என்றால் இசை வேண்டும், நாடகம் வேண்டும், இலக்கியச் சொற்பொழிவு ஒன்றும் வேண்டும். இவ்வாண்டு சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் நம்மைப் பணித்தார். அவர் சொல்லைத் தட்டவில்லை, சிலம்பிலிருந்தே தொடங்குகிறோம். ஆனால் வைகைக் கரையில் தொடங்கும் இப்பேச்சு யமுனைக் கரையில்தான் முடியும். அதற்காக உங்கள் பொறுமையை முன்கூட்டியே வேண்டிக்கொள்கிறோம்.

சிலம்பில் கட்டுரை காதை என்றொரு பகுதி உண்டு. கணவனை இழந்து, நெஞ்சு கொதித்து நிற்கும் கண்ணகியின்முன் மதுராபதித் தெய்வம் தோன்றுகிறது. பாண்டியர் குலம் முறை தவறாத குலம் என்று அவளுக்கு எடுத்துரைக்க முயல்கிறது. அதற்குச் சான்றாக அத்தெய்வம் கூறும் கதைதான் பொற்கைப் பாண்டியன் கதை. கீரந்தை என்பவன் வறியவன். மனைவியைத் தனியே விட்டு அயலூர் செல்லும்போது, அரசன் காவலே நமக்கு வேலி என்று அவளுக்குத் தேறுதல் சொல்லிச் செல்கிறான். அந்த வீட்டுக் கதவை ஒருநாள் அரசனே தட்டிவிடுகிறான். தன் பிழை உணர்ந்தவன் தன் கையைத் தானே குறைத்துக்கொள்கிறான்.

இக்கதை வழிவழியாக மேலும் விரிந்து வழங்குகிறது. அந்த இல்லத்தின்மேல் பழி வராதிருக்க, அத்தெருவின் கதவுகள் அனைத்தையும் அரசன் தட்டிவிட்டு ஓடினான் என்றும், மறுநாள் தெருவார் திரண்டு அவைக்குச் சென்று முறையிட்டனர் என்றும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

கை வெட்டுண்டதைக் கேட்டு நாம் சிறுவயதில் வியந்தோம். இன்று நமக்கு வியப்பளிப்பது வேறொன்று. தட்டப்பட்ட கதவு உடையவில்லை. வீட்டில் ஒரு செம்பும் களவு போகவில்லை. ஆயினும் எளிய தெருவார் கூடி, 'இரவில் எவனோ எங்கள் கதவைத் தட்டினான்' என்று சொன்னபோது, அவையில் அம்முறையீடு செவியேற்கப்பட்டது. இழப்பு எத்தனை பொன் என்று எவரும் கேட்கவில்லை. உங்களுக்கு அமைச்சரைத் தெரியுமா என்றும் எவரும் கேட்கவில்லை. நம்மைச் சிந்திக்க வைப்பது இதுவே.

இனி யமுனைக் கரைக்கு வருவோம்.

புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த பின்னர் வந்த குளிர்காலத்தில் நடந்தது இது. ஆற்றுக்குக் கிழக்கே, நம் உறுப்பினர் பலர் குடியிருக்கும் அடுக்கு வீடுகளில் ஒரு விடியற்காலை. பனிமூட்டம் கண்ணை மறைத்தது. மருத்துவமனையில் காலை முறைக்குப் புறப்பட்ட செவிலிச் சகோதரி ஒருவர் கீழே இறங்கி வந்தார். மதிலுக்குள் நிறுத்தியிருந்த இருசக்கர வண்டிகள் பதினொன்றும் சாய்ந்து கிடந்தன. இருக்கைகள் கத்தியால் கிழிக்கப்பட்டிருந்தன, கண்ணாடிகள் நொறுங்கியிருந்தன, சக்கரங்களில் காற்றில்லை. ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் மாடத்திற்குக் கீழே தொட்டியில் வளர்த்த துளசிகூட மண்ணோடு சிதறிக் கிடந்தது.

பதினொரு வீட்டாரும் சேர்ந்து காவல் நிலையம் சென்றனர். நாமும் உடன் சென்றோம். இரண்டு மணி நேரம் பலகையில் காத்திருந்த பின் கேள்விகள் வந்தன. 'யார்மேல் ஐயம்? உங்களுக்குள் பகை உண்டா? வண்டியை ஏன் பூட்டிய கொட்டகையில் வைக்கவில்லை?' குற்றம் செய்தவரைத் தேடும் கேள்விகளாக அவை நமக்குத் தோன்றவில்லை. குற்றத்திற்கு ஆளானவரைச் சோதிக்கும் கேள்விகளாகவே தோன்றின. முடிவில், 'இது நாங்கள் விசாரிக்கும் குற்றமன்று. வேண்டுமானால் நீதிமன்றம் செல்லுங்கள்' என்று கூறி, எண் இட்ட சீட்டு ஒன்றைக் கையில் தந்து அனுப்பிவைத்தனர்.

இரண்டு வாரம் கழிந்தது. பெருஞ்சாலைக்கு அப்பால் உள்ள மாளிகை ஒன்றின் வாயிலில் நின்ற வெளிநாட்டுக் கார் ஒன்றின் முன்கண்ணாடி உடைக்கப்பட்டது. அதன் மேனியில் ஆணியால் கீறப்பட்டிருந்தது. ஒரு மணி நேரத்திற்குள் காவல் வண்டி வந்தது. கைரேகை எடுக்க ஆள் வந்தார். மாலையில், நம் அடுக்ககத்து வாயிலில் உள்ள கேமராவின் பதிவைக் கேட்டு இரு காவலர் வந்தனர். அச்செவிலிச் சகோதரி அவர்களிடம் சென்று, 'ஐயா, இதே கேமராவில் எங்கள் வண்டிகளை உடைத்த இரவும் பதிவாகியிருக்கும். அதையும் ஒருமுறை பார்ப்பீர்களா?' என்று கேட்டார். 'அந்தத் தேதியைப் பார்க்க எங்களுக்கு உத்தரவில்லை, அம்மா' என்று விடை வந்தது. சொன்னவர் கடுமையாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார்.

இதைக் கேட்டவுடன் நமக்கெல்லாம் சினம் எழுந்தது. காவலர் பணக்காரருக்குக் கையாள் என்று பேசிக்கொண்டோம். பின்னர் நம் உறுப்பினரான வழக்கறிஞர் ஒருவர் சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டியபோது நம் சினம் திகைப்பாக மாறியது.

அன்பர்களே, பிறர் சொத்தை வேண்டுமென்றே சிதைக்கும் குற்றத்தைச் சட்டத் தமிழில் அழிம்பு என்பர். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் இழப்பு உண்டாக்கிய அழிம்புக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்று 427ஆம் பிரிவு கூறிற்று. ஆனால் நீதிபதியின் ஆணையின்றிக் காவலர் தாமாக விசாரிக்க இயலாத குற்றங்களின் வரிசையில் அது வைக்கப்பட்டிருந்தது. 2024 ஜூலை முதல் நாள் தொட்டு அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதன் 324ஆம் பிரிவு இழப்பைத் தொகையால் அளக்கிறது. இருபதாயிரம் ரூபாய்க்குக் குறைந்த இழப்பாயின் ஆறு மாதம் வரை சிறை. இருபதாயிரம் முதல் ஓர் இலட்சத்திற்குக் கீழ் வரையாயின் இரண்டு ஆண்டு வரை. இவ்விரண்டிலும் காவலர் தாமாக விசாரணையில் இறங்க இயலாது. ஓர் இலட்சமும் அதற்கு மேலுமாயின் ஐந்து ஆண்டு வரை சிறை. அங்குதான் காவலர் தாமாகவே விசாரிக்கலாம்.

பதினொரு வண்டிகளின் இழப்பையும் நாம் கூட்டிப் பார்த்தோம், ஏறத்தாழ அறுபதாயிரம். பதினொரு குடும்பத்தின் இடரை ஒன்றாகக் குவித்தும் அது இலட்சத்தை எட்டவில்லை. ஒரு காரின் கண்ணாடியும் வண்ணமும் அதைத் தாண்டிவிட்டன. செவிலியின் வண்டிக்கு ஆறாயிரம் செலவாயிற்று. அது அவர் வீட்டின் ஒரு மாத அரிசி, பருப்பு, பால். கார் உரிமையாளருக்கு இலட்சம் என்பது ஒரு விருந்துச் செலவாக இருக்கலாம். சட்டத்தின் தராசு ரூபாயை நிறுக்கிறது; ரூபாய் யார் மடியிலிருந்து போயிற்று என்பதை நிறுப்பதில்லை. காவலர் சட்டப்படியே நடந்தார் என்பதுதான் இங்கே வேதனை.

இவ்வளவோடு பேச்சு முடிந்திருந்தால் நாம் குற்றமற்றவராய், குறை சொல்பவராய் மட்டும் இம்மேடையை விட்டு இறங்கலாம். அந்த நற்பேறு நமக்கு இல்லை. அடுத்து நடந்தது நம் சங்கத்தின் வாயிலிலேயே நடந்தது. அதைச் சொல்வது செயற்குழுவினர் சிலருக்கு உவப்பாக இராது. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம், பொறுத்தருள்க.

சென்ற கோடையில் ஓரிரவு எவரோ மதில் ஏறிக் குதித்து, நம் சங்கக் கட்டிடத்தின் முன்புறச் சாளரங்கள் நான்கை உடைத்துச் சென்றனர். இழப்பு முப்பத்தையாயிரம் ரூபாய். விடிந்ததும் நாம் என்ன செய்தோம்? காவல் நிலையப் பலகையில் சென்று காத்திருந்தோமா? இல்லை. உயர் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற நம் முதிய அன்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் தமக்குத் தெரிந்த மேலதிகாரியை அழைத்தார். அரை மணி நேரத்தில் காவலர் வந்துவிட்டனர். தேநீர் அளித்தோம், நன்றி கூறினோம், நம் சங்கத்திற்கு எத்துணை மதிப்பு என்று மகிழ்ந்தோம்.

இருபதாயிரத்திற்கும் இலட்சத்திற்கும் இடைப்பட்ட இழப்பாயிற்றே, காவலர் எங்ஙனம் வழக்குப் பதிந்தனர் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் வழி இருந்தது. மதில் ஏறி வந்தமையால் அத்துமீறி நுழைந்த குற்றமும் சேர்ந்தது. அக்குற்றத்தைக் காவலர் தாமாக விசாரிக்கலாம். ஒரு நிகழ்ச்சியில் பல குற்றங்கள் இருந்து, அவற்றுள் ஒன்றேனும் காவலர் விசாரிக்கத்தக்கதாயின், முழு நிகழ்ச்சியையும் அவ்வாறே கொள்ள வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174ஆம் பிரிவு கூறுகிறது. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பது பழமொழி. அன்று மனம் இருந்தது, மார்க்கமும் கிடைத்தது.

அந்த அடுக்ககத்து வண்டிகளும் மதிலுக்குள்தானே நின்றன? அங்கும் எவனோ அத்துமீறி நுழைந்துதானே உடைத்தான்? அதே பிரிவு அங்கும் பொருந்தியிருக்கும். சட்டம் கூறும் தொகை வேறுபாடு ஒருபுறம் இருக்க, இருக்கும் சட்டத்தையே தேடிப் பார்க்கும் அக்கறை ஒருவருக்குக் கிடைக்கிறது, மற்றவருக்குக் கிடைப்பதில்லை. தொலைபேசி மணி ஒலித்த இடத்தில் பிரிவு கிடைத்தது. பலகையில் காத்திருந்தவர்களுக்குச் சீட்டுத்தான் கிடைத்தது.

இன்னும் ஒன்று கேளுங்கள். நம் மதிலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் இஸ்திரி போடுபவர் ஒருவர் இருக்கிறார். இங்கே அமர்ந்திருப்போரில் பலருடைய சட்டை இன்று அவர் கையால் மடிப்புப் பெற்றது. அதே இரவில், அதே கைகள் அவருடைய மேசையைக் கவிழ்த்து உடைத்தன. கரிப்பெட்டி கைப்பிடி முறிந்து சாக்கடையில் கிடந்தது. பிறர் வீட்டுத் துணிகள் சேற்றில் கிடந்தன. காவலர் சிதறிய கரித்துண்டுகளை மிதித்துக்கொண்டே நம் வாயிலுக்குள் வந்தனர். அவர்கள் எழுதிய அறிக்கையில் நம் கண்ணாடிகள் நான்கும் அளவோடு இடம்பெற்றன. அவருடைய பெட்டி இடம்பெறவில்லை. நாமும் சொல்லவில்லை. மறந்தே போனோம்.

இரண்டு நாள் கழித்து அவரிடம் துணி கொடுக்கச் சென்றபோது, இரவல் பெட்டி ஒன்றை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். சேற்றில் விழுந்த துணிகளுக்கு ஈடு கேட்டுச் சில வீட்டார் சண்டையிட்டதாகச் சொன்னார். பிறகு தலை நிமிராமலே, 'பாபுஜி, உங்கள் கண்ணாடியை எழுதியபோது, என் பெட்டிக்கும் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கலாமே' என்றார்.

அன்பர்களே, அந்த ஒரு வரிக்கு நம்மிடம் விடை இல்லை. பதினொரு வண்டிகளுக்காக நாம் பேசிய பேச்செல்லாம் அந்த வேப்ப மரத்தடியில் நம் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அன்று மாளிகைக்காரர் இடத்தில் நாம் நின்றோம். நாம் நின்ற இடத்தில் அவர் நின்றார். மதில் உடையவருக்கு அத்துமீறல் என்ற சட்டப் பிரிவாவது உண்டு. மதிலே இல்லாதவருக்கு அதுவும் இல்லை.

காவலரை மட்டும் பழித்துப் பயனில்லை என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. நம் நாட்டின் காவல் முறைக்கு அடிப்படை 1861ஆம் ஆண்டுச் சட்டம். 1857 கிளர்ச்சிக்குப் பின், ஆள்வோரின் ஆட்சியைக் காப்பதற்கென அந்நியர் வகுத்தது அது. குடிகளின் வாயிலைக் காப்பது அதன் முதல் நோக்கமாக இருந்ததில்லை. 1977இல் அமைந்த தேசியக் காவல் ஆணையம் 1981க்குள் எட்டு அறிக்கைகளை அளித்தது; முறையீடுகளைப் பதியாமல் தட்டிக் கழிக்கும் வழக்கத்தை அது எடுத்துக் காட்டிக் கண்டித்தது. பதிவான குற்றங்களின் எண்ணிக்கை கூடினால் நிலைய அதிகாரியின் திறமை குறைந்ததாகக் கணக்கிடும் மனப்போக்கு இருக்கும்வரை, எழுதாமல் விடுவதே அவருக்கு எளிது. எழுதாமல் விட்டால் எவர் கேட்க மாட்டார்களோ, அவர்களுடைய முறையீடே முதலில் விடுபடும்.

ஆள் பற்றாக்குறையும் உண்டு. 2020களின் தொடக்கத்தில், நாட்டில் இலட்சம் மக்களுக்கு ஒப்பளிக்கப்பட்ட காவலர் இடங்கள் நூற்றுத் தொண்ணூறுக்கு மேல். உண்மையில் பணியில் இருந்தோர் நூற்றைம்பதை ஒட்டியே. பெரியோர் வருகைக்கும் ஊர்வலங்களுக்கும் சென்று நின்றுவிட்டு, இரவில் ஊர்க்காவலுக்கும் செல்லும் காவலரும் ஓர் எளிய குடும்பத்தவரே. அவர் வீட்டு வண்டியை எவனேனும் உடைத்தால் அவருக்கும் ஆறாயிரம் பெருந்தொகைதான்.

ஆயினும் வழியே இல்லை என்று சோர வேண்டுவதில்லை. விசாரிக்கத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கையைப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. அவ்வமர்வுக்குத் தலைமை தாங்கியவர் ஈரோடு மாவட்டத்தில் பிறந்த தலைமை நீதிபதி ப. சதாசிவம் அவர்கள் என்பது நமக்குப் பெருமை. பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் அதே நீதிமன்றம், காவலர்மீதான குறைகளைக் கேட்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் ஆணையங்கள் அமைக்குமாறு பணித்தது.

புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, எந்த நிலையத்தின் எல்லையில் நடந்ததாயினும் தகவலை ஏற்க வேண்டும் என்கிறது. மின்வழியாகவும் தகவல் அனுப்பலாம்; மூன்று நாளுக்குள் சென்று கையொப்பமிட வேண்டும். அறிக்கையின் படியைக் கட்டணமின்றித் தர வேண்டும். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அங்கும் பயனில்லையெனில் நீதிபதியிடம் செல்லலாம். விசாரிக்க இயலாத சிறு குற்றமாயினும் அதைக் குறித்துவைத்து, அத்தகைய குறிப்புகளை இரு வாரங்களுக்கு ஒருமுறை நீதிபதிக்கு அனுப்ப வேண்டும் என்பதும் புதிதாக வந்துள்ளது. ஆகவே எண் இட்ட அந்தச் சீட்டை வெறும் தாள் என்று எறிந்துவிடாதீர்கள்.

ஆனால் இவற்றையெல்லாம் அறிந்து, எழுதி, அலைந்து, நின்று பெறுவதற்கு ஓய்வும் கல்வியும் வேண்டும். இஸ்திரி போடுபவர் ஒரு நாள் நிலையத்தில் நின்றால் அன்றைய அடுப்பு எரியாது. சட்டம் அனைவருக்கும் வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. அவ்வாயில் வரை நடந்து செல்லும் வலிமை அனைவருக்கும் இல்லை. அங்குதான் சங்கம் என்ற ஒன்றுக்கு வேலை இருக்கிறது.

நம் முன்னோர் இந்நகருக்குப் பெட்டியும் படுக்கையுமாக வந்திறங்கியபோது, மொழி தெரியாது, முகம் தெரியாது. படிவம் நிரப்பவும் வாடகைக்கு வீடு தேடவும் ஒருவருக்கொருவர் துணை நின்றனர். அத்துணையே பின்னர்ச் சங்கமாயிற்று. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிச் சிக்கலை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் உடைமைகள் தாக்கப்பட்டபோது, அயலூரில் வாழும் எளியவனின் வாயில் எத்துணை மெல்லியது என்பதை நாமும் அறிந்தோம். அதை அறிந்த நாம், நம் மதிலுக்கு வெளியே நிற்பவரைக் காணாதிருக்கலாமா?

ஆதலின் மூன்று சிறு செயல்களைப் பேரவையின்முன் பணிவுடன் வைக்கிறோம். முதலாவது, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் நம் நூலகத்தில் முறையீடு எழுதித் தரும் மேசை ஒன்று வேண்டும்; சட்டம் அறிந்த உறுப்பினர் ஒருவரும் இந்தி நன்கு எழுதும் இளைஞர் ஒருவரும் போதும். தமிழர்தாம் வரவேண்டும் என்ற வரம்பு வேண்டாம். இரண்டாவது, நிலையத்திற்குத் தனியே செல்ல அஞ்சுவோருடன் ஒருவர் உடன் செல்ல வேண்டும்; பேச வேண்டியதில்லை, அருகில் அமர்ந்திருந்தால் போதும். மூன்றாவது, நம் காரியத்திற்காக மேலதிகாரியைத் தொலைபேசியில் அழைக்கும் நாள் வருமானால், அதே இரவில் அதே தெருவில் இழப்புற்றவர் வேறு யார் என்று முதலில் கேட்டறிந்து, அவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அழைக்காமலே இருந்தால் மிகவும் நன்று. அந்த அளவு உறுதி நமக்கு உண்டா என்று நாமே ஐயுறுவதால் இதைச் சொல்கிறோம்.

இஸ்திரி போடுபவரின் செய்தி என்னாயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த வாரம் நாமும் வழக்கறிஞர் அன்பரும் அவரை அழைத்துச் சென்றோம். மேசை, பெட்டி, துணிகள் என்று ஏழாயிரம் ரூபாய் இழப்பு எழுதப்பட்டது. விசாரிக்க இயலாத குற்றம் என்றே பதிவாயிற்று. எண் இட்ட சீட்டு கிடைத்தது. உடைத்தவர் எவரும் இன்றுவரை பிடிபடவில்லை. பெட்டியைச் சங்கம் வாங்கித் தந்தது. அதை நாம் அறமாகக் கருதவில்லை, நம் மறதிக்குக் கட்டிய தண்டமாகவே கருதுகிறோம். அச்சீட்டை அவர் நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பும் வழியில், 'எழுதிக்கொண்டார்கள் அல்லவா?' என்று இருமுறை கேட்டார். எழுதிக்கொண்டார்கள் என்றோம்.

தெருவார் திரண்டு சென்று சொன்னதைக் கேட்க, அன்று ஓர் அவை இருந்தது. இன்று அரசன் இல்லை. குடியரசில் அந்த அவையும் நாமே, வேலியும் நாமே. நம் வேலி நம் மதிலோடு நின்றுவிடாமல் அந்த வேப்ப மரத்தடியையும் சேர்த்து வளைக்குமாயின், இவ்வாண்டு விழா எடுத்ததற்குப் பயன் உண்டு.